கவுண்டருக்கு ஏற்ற முகம்

குளிர்பதனக் கிடங்கில் எல்லாரும் அவரை 'ஐஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் ஐஸண்ணே என்றார்கள். சம்பள நாளைத் தவிர மற்ற நாட்களில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. மீனும் கோழியும் பட்டாணியும் கல்லாக உறைந்து கிடக்கிற அறைகளுக்குள் சரக்கைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆனால் அவருக்கு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது. முதலாளியின் மகன் புதுக் கார் வாங்கி வந்து நிறுத்தியபோது எல்லாரும் சுற்றி நின்று ஆகா ஓகோ என்றார்கள். இவர் குனிந்து பார்த்துவிட்டு, "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கே" என்றார். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மேற்பார்வையாளர் ஆனார்கள். அவர் வண்டியிலேயே இருந்தார். அதற்காக அவர் முணுமுணுத்து யாரும் கேட்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே தொல்லை தோல். பிறவியிலேயே வறண்ட தோல். அதோடு இந்த வேலையும் சேர்ந்துகொண்டது. உள்ளே போனால் மூச்சே புகையாகிற குளிர், வெளியே வந்தால் லாரிகளின் சூடு, மறுபடி குளிர். கன்னங்களிலும் மூக்கின் ஓரங்களிலும் புருவங்களுக்கு நடுவிலும் செதில் செதிலாக உரியும். நன்றாகச் சிரித்தால் வாயோரம் வெடித்து எரியும். ஒருமுறை தோல் டாக்டரிடம் போனார். "இது நோய் இல்ல. யாருக்கும் ஒட்டாது. உங்க தோலோட குணமே இப்படித்தான்" என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

கிடங்குக்குள் இது ஒரு பொருட்டாகவே இல்லை. அங்கே எல்லாரும் தடித்த கோட்டும், கண் மட்டும் தெரிகிற குல்லாயும் போட்டுக்கொண்டுதான் நடமாடுவார்கள். யாருடைய முகம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் கவலையில்லை. ஐஸும் தன் முகத்தைப் பெரிதாகப் பார்த்துக்கொண்டவர் இல்லை. சவரம் செய்யும்போது தாடை தெரிந்தால் போதும் என்று கண்ணாடியின் கீழ்ப்பாதியோடு முடித்துக்கொள்வார்.

பிறகு முதுகு மக்கர் செய்தது. வண்டியின் குலுக்கலில் முதுகெலும்பில் ஒரு டிஸ்க் நழுவியது. படுக்கையில் கிடந்து எழுந்தவரிடம், இனி வண்டியும் கூடாது, குளிரும் கூடாது என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனி அவரை வெளியே அனுப்பவில்லை. வாசல் பக்கம் இருந்த கவுண்டரில் உட்கார வைத்தது. கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் லாரி டிரைவர்களும் அங்கேதான் வந்து, என்ன சரக்கு வேண்டுமென்று சொல்லி, கேட்டில் காட்டுகிற சீட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். கறுப்புக் கல் பதித்த நீண்ட மேசை, மேலே பளிச்சென்று வெள்ளை விளக்கு, தலைக்கு நேராகக் காற்றை ஊதும் ஏசி. வறண்ட முகத்துக்கு இதைவிடக் கொடுமையான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஒரு மளிகைக் கடைக்காரர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஐஸ் பேனாவை நீட்டினார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். "இருக்கட்டும், என்கிட்ட இருக்கு" என்று பையைத் துழாவினார். அவர் பையில் பேனா இல்லை. பக்கத்திலிருந்த டிரைவரிடம் இரவல் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு நாள் ஒரு அம்மா, "இது ஒட்டுவாரொட்டியா தம்பி?" என்று நேராகவே கேட்டுவிட்டார். ஐஸுக்கு அந்த அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல முடிந்தது. கேட்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தவர்களிடம் என்ன சொல்ல முடியும்? கறுப்புக் கல்லின் மேல் தன் முகத்திலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூளை, யாரும் பார்க்காதபோது உள்ளங்கையால் வழித்துக் கீழே தள்ளினார்.

மேனேஜர் அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். ஐஸைவிட ரொம்ப இளையவர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர். எதைச் சொல்வதற்கு முன்னாலும் 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஒரு மெத்தை போட்டுவிட்டுத்தான் சொல்வார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கவுண்டர்னா அது நம்ம கம்பெனியோட முகம். உங்க முகத்துக்கு ஏதாவது பண்ணணும்."

"என்ன பண்ணணும் சார்?"

"அது உங்க இஷ்டம். வர்றவங்க பாத்தா உறுத்தாம இருக்கணும். அவ்வளவுதான்."

வீட்டில் மனைவிதான் முதலில் களத்தில் இறங்கினார். அவர் ஒரு தையல் கடையில் துணிகளைத் திருத்திக் கொடுக்கிற வேலை பார்ப்பவர். பேன்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இறுக்கிப் பிடிப்பதைத் தளர்த்துவது. எதையும் சரி செய்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்குத் தொழிலிலிருந்து வந்தது. டாக்டர் கொடுத்த களிம்பைத் தாராளமாகப் பூசி அனுப்பினார். கவுண்டர் விளக்கில் ஐஸின் முகம் எண்ணெயில் பொரித்தெடுத்த மாதிரி மின்னியது. சீட்டுகள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டன. மதியத்துக்குள் செதில்கள் களிம்புக்குள்ளேயே நிமிர்ந்து நின்றன.

அன்றைக்குச் சாயங்காலம், மனைவி வருவதற்குள், அலமாரியில் அவர் வைத்திருந்த முகப்பூச்சை, அந்த ஃபவுண்டேஷன் குப்பியை எடுத்துக்கொண்டு ஐஸ் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். என்றோ ஒரு விருந்துக்காக வாங்கிப் பாதியில் விட்டது. உள்ளங்கை நிறைய ஊற்றி, மரப்பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கிற மாதிரி நாலு பக்கமும் தேய்த்தார். அது உரிந்த இடத்திலெல்லாம் போய்த் திட்டுத் திட்டாகச் சேர்ந்துகொண்டது. ஈரச் சுவரில் அவசரமாக வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்து பார்த்தார். கன்னத்தில் கோடு கோடாக வெடித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார், எரிந்தது. கிடைத்த துண்டில் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

வேலை முடிந்து வந்த மனைவி குளியலறையிலிருந்து துண்டோடு வந்தார். வெள்ளைத் துண்டில் ஒரு முகமே பதிந்திருந்தது.

"யாரோடது இது?"

"என்னோடதுதான்."

"உங்களோடதுன்னா?"

"என் மூஞ்சி. நான்தான் பூசிப் பாத்தேன்."

வேறு பெண்ணாக இருந்தால் அந்தத் துண்டை வைத்து வீட்டை இரண்டாக்கியிருப்பார். இவர் கணவரின் சிவந்த கன்னங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் தங்கைக்கு ஃபோன் போட்டார்.

தங்கை, அதாவது ஐஸின் மச்சினி, பெரிய அங்காடி ஒன்றில் அழகுப் பொருள் விற்கும் பகுதியில் வேலை பார்ப்பவள். அக்கா வாய் மூடி இருக்கிற நேரத்தையெல்லாம் சேர்த்துத் தான் பேசிவிடுகிறவள். "மாமாவா? நம்ம மாமாவா?" என்று அவள் ஃபோனில் சிரித்த சிரிப்பு, காதில் வைக்காமலே ஐஸுக்குக் கேட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் அவள் சொன்னது தொழில்காரி பேச்சு. "அக்கா, நீ வச்சிருக்கறது எண்ணெய் வழியற முகத்துக்கானது. ஈரத்த எல்லாம் உறிஞ்சிடும். மாமா மூஞ்சிக்கு அத போட்டா பாலைவனத்துல போய்ப் பவுடர் தூவற மாதிரி. அவர கடைக்கு அனுப்பு."

"வீட்டுக்கு எடுத்துட்டு வாயேன்டி" என்றார் மனைவி.

"நானே போறேன்" என்றார் ஐஸ். "திருட்டுத்தனமா பண்ணித்தான் துண்டு பாழாச்சு."

விடுமுறை நாளில் போனார். பளபளவென்று கண்ணாடிகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பல்புகள், பெயர் தெரியாத வாசனைகள். சாதாரணச் சட்டையில், முதுகுக்குப் பெல்ட் கட்டியபடி நடந்து வந்த ஐம்பது வயது ஆளைப் பார்த்ததும் ஒரு விற்பனைப் பெண் ஓடி வந்தாள். "சார், ஜென்ட்ஸ் ஐட்டம் அந்தப் பக்கம். ஷேவிங் க்ரீம், சென்ட் எல்லாம்."

"நான் ஃபவுண்டேஷன் பாக்க வந்திருக்கேன்."

"மேடத்துக்கா சார்?"

"எனக்கு."

அந்தப் பெண் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அதற்குள் மச்சினி வந்து அவரை உயரமான சுழல் நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்தாள். பக்கத்து நாற்காலியில் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐஸுக்குக் காது சூடானது. இறங்கிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாற்காலி உயரமாக இருந்தது, முதுகு வேறு இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்திருந்தார். பிற்காலத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம், "முதுகு நல்லா இருந்திருந்தா ஓடியிருப்பேன்" என்பார்.

மச்சினி முதலில் எதையும் பூசவில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியை முகத்தில் வைத்து எடுத்தாள். தேய்க்காமல், வட்ட வட்டமாக ஒற்றி, உரிந்து நின்றதை மட்டும் எடுத்தாள். பிறகு ஈரம் காய்வதற்குள் ஒரு க்ரீமைத் தடவினாள். "இப்ப சும்மா இருங்க மாமா. தோல் குடிக்கட்டும்" என்றாள். ஐஸ் சும்மா இருந்தார். அவர் முகத்தை இப்படி யாரும் பொறுமையாகத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

ஓடி வந்த அந்த விற்பனைப் பெண் இரண்டு குப்பிகளைக் கொண்டுவந்து நீட்டினாள். "சார், வறண்ட சருமத்துக்கான ஃபவுண்டேஷன்தான், ஈரப்பதம் குடுக்கும். இதுல ரெண்டு ஷேடு வெளுப்பா எடுத்தீங்கன்னா இன்னும் எடுப்பா இருக்கும்."

ஐஸ் கண்ணைத் திறந்தார். "என் நிறத்துல ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. உரியறது தோல்தான். நிறம் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மச்சினி குப்பிகளைத் தள்ளி வைத்துவிட்டு வேறு மூன்றை எடுத்தாள். தாடையோரத்தில் மூன்று கோடுகள் இழுத்தாள். இரண்டு கோடுகள் தனியாகத் தெரிந்தன. மூன்றாவது கரைந்து காணாமல் போயிற்று. "இதுதான் நீங்க" என்றாள். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சுப் பஞ்சில் துளியூண்டு எடுத்து, மூக்கின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தட்டித் தட்டி வைத்தாள். "தேய்க்கவே கூடாது. தேய்ச்சா செதில் எழுந்து நிக்கும். மேல பவுடர் போடற பேச்சே வேணாம். கொஞ்சமா போடணும். பத்தலன்னா இன்னும் கொஞ்சம்."

கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். உரிந்த வெண்மையும் சிவந்த திட்டும் போயிருந்தன. மாப்பிள்ளைக் களையெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. நெற்றிச் சுருக்கம் இருந்தது, மூக்கின் மேல் இருந்த பழைய தழும்பு இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த அவரே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார், மூடினார், சிரித்துப் பார்த்தார். எங்கும் வெடிக்கவில்லை.

"கட்டிக் குடு" என்றார்.

அடுத்த நாள் கவுண்டரில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. அதுதான் பெரிய விஷயம். கடைக்காரர்கள் வந்தார்கள், முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், போனார்கள். ஒரு டிரைவர் கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றி, தன் மாமியாரைப் பற்றி நெடுநேரம் புலம்பிவிட்டுப் போனார். யாரும் நாற்காலியைத் தள்ளிப் போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இன்னிக்கு எல்லாரும் பக்கத்துல வந்து பேசினாங்க" என்றார். மனைவி அந்தப் பஞ்சைக் கழுவி ஜன்னலோரத்தில் காய வைத்தார்.

ஆனால் ஏசியின் கீழே மதியம்வரைதான் அது தாங்கியது. அதனால் சாப்பாட்டு இடைவேளையில் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குப்பியிலிருந்து கொஞ்சம் ஊற்றி வைத்திருந்த சின்ன டப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மூக்கோரத்தில் ஒற்றிக்கொள்வார். ஒரு நாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது மீசை.

மீசை என்பவர் ஐஸோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது சரக்கு ஏற்றும் பகுதிக்கு மேற்பார்வையாளர். பெயருக்கேற்ற மீசை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டது, கரிக்கட்டைக் கறுப்பு. ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு செய்தி கிடைத்தால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. கேன்டீனில் தேநீர் ஆறுவதற்குள் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"ஐஸண்ணே, எந்தப் படத்துல நடிக்கறீங்க?" என்றான் ஒருவன்.

"ஹீரோவா, ஹீரோயினா?" என்றான் இன்னொருவன். மேசையெல்லாம் சிரித்தது. மீசை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "எல்லாம் சரிடா ஐஸு, ஆம்பளைக்கு எதுக்குடா இந்தப் பூச்சு?"

ஐஸ் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "உன் மீசை எந்தக் கடை மைடா?"

மீசையின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன?"

"வாரா வாரம் அடிக்கறியே, அத கேட்டேன். மேலுதட்டுலயும் கொஞ்சம் ஒட்டியிருக்கு பாரு. நீ மயிருக்கு அடிக்கற, நான் தோலுக்கு அடிக்கறேன். உனக்கு நரைச்சா ஒண்ணும் வலிக்காது. எனக்கு உரிஞ்சா வலிக்கும். இதுல யாருக்கு எதுக்குன்னு நீயே சொல்லு."

மீசையின் முகத்தில் ஈயாடவில்லை. தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்று முதல் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஐஸுக்கு அது வலித்தது. உறைந்த அறைக்குள் ஒருமுறை கதவு சிக்கிக்கொண்டபோது இருவரும் ஒரே கோட்டைப் போர்த்திக்கொண்டு குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக வைத்திருந்தவர்கள். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை.

செய்தி மனைவியின் தையல் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "போதும்ங்க. களிம்பே போட்டுக்கங்க. வெளிய முகம் காட்ட முடியல."

"யாரால?"

"என்னாலதான். கடையில ஒருத்தி வாய்க்குள்ளயே சிரிக்கறா."

"நீ முகம் காட்ட முடியலன்னு இன்னிக்குச் சொல்ற. நான் அத்தனை நாளா அந்தக் கவுண்டர்ல முகம் காட்ட முடியாம உக்காந்திருந்தேன். இப்பத்தான் காட்டறேன்."

மனைவி சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே உருட்டினார். ஆனால் அடுத்த நாள் காலை ஐஸ் முகம் கழுவிவிட்டு வந்தபோது, வெதுவெதுப்பான துணி நாற்காலியின் மேல் தயாராக இருந்தது. கடையில் என்ன நடந்தது என்று மச்சினி வழியாகத்தான் ஐஸுக்குப் பிறகு தெரியவந்தது. வாய்க்குள் சிரித்த அந்த வாடிக்கைக்காரப் பெண் மறுபடி வந்து, பாவாடையின் இடுப்பை இறுக்கச் சொல்லி நின்றிருக்கிறாள். "உங்க வீட்டுக்காரர் மேக்கப் போடறாராமே" என்று கேட்டிருக்கிறாள். மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி முடித்துவிட்டு, "ஆமா. நல்லாவே போடுவாரு. உங்க கழுத்தும் முகமும் ரெண்டு நிறமா இருக்கே, வேணும்னா அவர்கிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?" என்றாராம்.

இதற்குள் மேனேஜர் மறுபடி கூப்பிட்டுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஏதாவது பண்ணுங்கன்னு நான் சொன்னது இதை இல்ல."

"வேற எதை சார்?"

"மருந்து மாதிரி ஏதாவது. இது வந்து, ஒரு மாதிரி இருக்கு. நாலு பேரு பேசறாங்க."

"முன்னாடியும் பேசினாங்க சார். அப்ப ஒட்டிக்கும்னு பேசினாங்க, இப்ப பூசிக்கறான்னு பேசறாங்க. யாரும் பேசாத மூஞ்சி எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, மாட்டிக்கிட்டு வரேன்."

மேனேஜர் மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். "சரி, இத இப்ப விடுங்க. நாளைக்கு அந்தப் பெரிய ஹோட்டல்லேர்ந்து கொள்முதல் அதிகாரி வராங்க. வருஷ ஆர்டர் பேசணும். அந்த நேரம் மட்டும் நீங்க பின்னால ஸ்டோர் ரூம்ல இருங்க. வேற ஆள கவுண்டர்ல போட்டுக்கறேன்."

ஐஸ் முதுகு பெல்ட்டைச் சரி செய்துகொண்டார். "நான் ஏதாவது தப்பா சீட்டு போட்டிருக்கேனா சார்?"

"இல்ல."

"யார்கிட்டயாவது மரியாதை இல்லாம பேசினேனா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப நான் ஒளிய மாட்டேன். உள்ள போய் உக்காருன்னா, எதுக்குன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. உரியுதுன்னா சொல்லுங்க, பூசியிருக்குன்னா சொல்லுங்க. ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட சொல்ல முடியாது சார். நாளைக்கு நான் கவுண்டர்லதான் இருப்பேன்."

மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார். "போங்க" என்றார்.

வெளியே வந்ததும் ஐஸுக்குப் பயம் வந்தது. சண்டை போட்டுப் பழக்கப்பட்டவர் இல்லை அவர். இந்த முதுகை வைத்துக்கொண்டு இனி எங்கே போய் வேலை தேடுவது என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்று இரண்டு குவளை குடித்தார். குடிக்கக் குடிக்கப் பயம் போய், அந்த இடத்தில் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்தது. கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு பூசியதால்தானே இது திருட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது என்று நினைத்தார்.

மறுநாள் இடைவேளையில் அவர் கதவுக்குப் பின்னால் போகவில்லை. கை கழுவும் இடத்தில், எல்லாரும் வந்து போகிற நீளக் கண்ணாடிக்கு முன்னால், டப்பியைத் திறந்து வைத்தார். பஞ்சை நனைத்துப் பிழிந்தார். பின்னால் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். ஐஸ் கண்ணாடிக்குள்ளேயே அவன் கண்ணைப் பார்த்தபடி மூக்கோரத்தில் தட்டினார், கன்னத்தில் தட்டினார். வண்டியின் கண்ணாடியைத் துடைக்கிற ஆள் எப்படி அவசரமில்லாமல் துடைப்பானோ அப்படி. முடித்ததும் டப்பியைப் பைக்குள் போடவில்லை. கையில் பிடித்தபடியே நடந்து போய், கவுண்டரின் மேல், முத்திரைக் கட்டைக்கும் பேனாவுக்கும் பக்கத்தில் வைத்தார்.

ஹோட்டல் அதிகாரி ஒரு பெண்மணி. நடுவயது, குட்டை முடி, கையில் கனத்த பை. மேனேஜர் அவரை வாசலிலேயே மடக்கித் தன் அறைக்கு அழைத்துப் போகப் பார்த்தார். அவர் நேராகக் கவுண்டருக்கு வந்துவிட்டார். போன தடவை வந்த சரக்கில் பட்டாணிப் பெட்டிகள் சில உருகி மறுபடி உறைந்திருந்ததாகவும், அதைப் பற்றி முதலில் பேச வேண்டுமென்றும் சொன்னார். ஐஸ் அந்தச் சரக்கு போன நாளைக் கேட்டார், எந்த லாரி என்று பார்த்தார், அந்த லாரியின் குளிர்ப்பெட்டி பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றும் பெட்டிகளை மாற்றிக் கொடுக்கச் சொல்வதாகவும் சொன்னார்.

பேசிக்கொண்டே அந்தப் பெண்மணியின் பார்வை டப்பியின் மேல் விழுந்தது. பிறகு ஐஸின் முகத்துக்கு வந்தது. மேனேஜர் பின்னால் நின்று காலை மாற்றி வைத்தார்.

"இது உங்களோடதா?" என்றார் அதிகாரி.

"ஆமாம்மா. எனக்கு ரொம்ப வறண்ட தோல், உரியும். ஏசியில வெடிக்கும். அதுக்குத்தான் போடறேன். ஃபவுண்டேஷன்."

"ஓ" என்றார் அவர். பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி. மீன் எப்ப வரும்?"

அவ்வளவுதான் நடந்தது. ஐஸ் மீன் வருகிற நாளைச் சொன்னார். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு மேனேஜரோடு உள்ளே போனார். வருஷ ஆர்டர் வழக்கம்போலப் பேசி முடிந்தது. வெளியே வந்த மேனேஜர் கவுண்டரைத் தாண்டும்போது டப்பியைப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்டோர் ரூம் பேச்சு அதன்பிறகு எழவில்லை. மேனேஜர் வாயிலிருந்து 'பூச்சு இருந்துட்டுப் போகட்டும்' என்று ஒரு வார்த்தை வந்ததா என்றால், அதுவும் இல்லை.

கேலி ஒரேயடியாக நின்றுவிடவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் யாராவது கேட்பார்கள். ஐஸ் ஒளிக்காமல் பதில் சொல்வார். ஒளிக்காத விஷயத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் சிரிப்பது? மீசைதான் நீண்ட நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். கவுண்டருக்கு வர வேண்டிய வேலை இருந்தால்கூட வேறு ஆளை அனுப்புவார். ஒரு காலையில் அவரே வந்தார். சீட்டுக் கட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஐஸின் முகத்தை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார்.

"இடது பக்கம் தாடைக்குக் கீழ கோடு தெரியுது. கழுத்துவரைக்கும் இழுத்துவிடுடா."

ஐஸ் பஞ்சை எடுத்து இழுத்துவிட்டார். "இப்ப?"

"இப்ப சரி" என்றார் மீசை. இருவரும் சேர்ந்து தேநீர் குடிக்கப் போனார்கள். எதற்காகப் பேசாமல் இருந்தோம் என்ற பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. காற்றில் ஈரம் ஏறியதும் தோல் கொஞ்சம் அடங்கியது. ஒரு நாள் காலை ஐஸ் வெதுவெதுப்பான துணியால் முகத்தை ஒற்றி, க்ரீமை மட்டும் தடவிக்கொண்டு, கண்ணாடியை முழுதாகப் பார்த்தார். மூக்கோரத்தில் லேசாக உரிந்திருந்தது. குப்பியைக் கையில் எடுத்து, மறுபடி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கவுண்டரைக் கடந்துபோன மேனேஜர் நின்றார். "என்ன, இன்னிக்குப் போடலையா?" என்றார்.

"இல்ல சார்."

"ஏன், தீந்துடுச்சா?"

"வீட்ல இருக்கு. இன்னிக்கு வேணாம்னு தோணுச்சு." ஐஸ் அடுத்த ஆளுக்கான சீட்டைக் கிழித்தார். "நாளைக்குத் தோணினா போடுவேன்."

வரிசையில் நின்ற டிரைவர் கவுண்டரை நெருங்கி வந்தார். ஐஸ் நிமிர்ந்து, எந்தச் சரக்கு என்று கேட்டார்.